ஒரு நாயகியும் இருநூறு வேலைகளும்: ‘42ஆம் தெரு’ திரைப்படத்தை முன்வைத்து



பாட்டும் ஆட்டமுமான ஓர் அமெரிக்கப் படத்தைப் பற்றி அறக்கட்டளைச் சொற்பொழிவா என்று அழைப்பிதழைப் பார்த்த சிலர் கேட்டார்கள். சிறுவர்களே நடித்த நம்மூர் பாய்ஸ் கம்பெனி நாடகக் குழுக்களோடு ஒப்பிட்டுப் பேசுங்களேன் என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. ஒப்பிடலாம்தான். ஆனால் ஒப்பிடப் புகுந்தால் இரண்டையும் அரைகுறையாகப் பார்த்துவிட்டு எழுந்து போவோம். இன்று முழுக்க நியூயார்க்கிலும் ஹாலிவுட்டிலும்தான் இருக்கப் போகிறோம்.

வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் 1933இல் வெளியிட்ட ‘ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட்’தான் இன்றைய படம். வசதிக்காக ‘42ஆம் தெரு’ என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். இயக்கியவர் லாயிட் பேகன். நடனக் காட்சிகள் பஸ்பி பெர்க்லியின் கைவண்ணம். ஹாரி வாரன் மெட்டமைக்க, ஆல் டூபின் பாட்டெழுதினார். நீளம் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை.

கதையை நாலு வரியில் சொல்லிவிடலாம். ஜூலியன் மார்ஷ் பேர்பெற்ற நாடக இயக்குநர். பங்குச் சந்தைச் சரிவில் கைப்பணத்தைத் தொலைத்தவர். உடம்பு தாங்காது என்று மருத்துவர் எச்சரித்த பிறகும், கடைசியாக ஒரு பெரிய இசை நாடகம் போட ஒப்புக்கொள்கிறார். டோரதி பிராக் என்ற நட்சத்திரம் நாயகி. மேடைப் பைத்தியம் பிடித்து நியூயார்க் வந்த பெகி சாயருக்குக் கூட்டத்தோடு கூட்டமாக ஆடும் வேலை கிடைக்கிறது. ஐந்து வாரம் ஒத்திகை. அரங்கேற்றத்துக்கு முந்தின இரவு டோரதியின் கணுக்கால் முறிகிறது. பெகியை அந்த இடத்தில் நிறுத்தி, ஒரே பகலில் எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்து மேடையேற்றுகிறார்கள். விடிந்தால் அவள் நட்சத்திரம்.

திறமை இருந்தால் என்றாவது ஒரு நாள் சான்ஸ் வந்தே தீரும் என்பதற்கு உதாரணமாகத்தான் இந்தப் படத்தை எல்லோரும் சொல்கிறார்கள். பிறகு வந்த எத்தனையோ படங்கள் இதே கதையை எடுத்துத் தேய்த்துவிட்டதால் அப்படித் தோன்றுவது இயல்பு. படத்தைச் சற்று ஊன்றிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. பெகியின் வெற்றியை இந்தப் படம் பெகியின் கணக்கில் எழுதவே இல்லை. அதற்கு யார் யார் என்னென்ன கொடுத்தார்கள், யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று காட்சிக்குக் காட்சி குறித்துக்கொண்டே வருகிறது. இதுதான் இன்றைக்கு நான் சொல்ல வந்தது. சில குறிப்புகளாகப் பிரித்துக்கொள்கிறேன்.

1. முதலீடு

நாடகத்துக்குப் பணம் போடுபவர் ஆப்னர் டில்லன். குழந்தைகள் ஓட்டி விளையாடும் வண்டிகளைத் தயாரிக்கும் முதலாளி. அவருக்கு நாடகம் தெரியாது. டோரதியைத் தெரியும், அவ்வளவுதான். டோரதி நாயகியாக இருப்பதும், அவர் பணம் போடுவதும் ஒரே ஒப்பந்தத்தின் இரண்டு பக்கங்கள். ஆனால் டோரதியின் மனம் தன் பழைய மேடைக் கூட்டாளி பாட் டென்னிங்கிடம் இருக்கிறது. இது முதலாளிக்குத் தெரிந்தால் பணம் நின்றுபோகும். எனவே மார்ஷ் என்ன செய்கிறார்? தனக்குத் தெரிந்த ஒரு ரௌடியைக் கூப்பிட்டு, பாட் டென்னிங்கை மிரட்டி ஒதுக்கிவைக்கச் சொல்கிறார். கதையின் நாயகன் என்று நாம் நினைக்கும் கலைஞர் செய்யும் வேலை இது. படம் இதற்காக அவரைக் கண்டிக்கவும் இல்லை, மூடிமறைக்கவும் இல்லை.

இவ்வளவு வெளிப்படையாகக் காட்ட முடிந்ததற்குக் காலமும் ஒரு காரணம். ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் 1930இலேயே எழுதப்பட்டிருந்தாலும், கறாராக நடைமுறைக்கு வந்தது 1934இன் நடுவில்தான். ஒன்றிரண்டு வருடம் தாமதித்து எடுத்திருந்தால் டில்லன் டோரதியின் சித்தப்பாவாகியிருப்பார்.

2. ஒத்திகை

இந்த வகைப் படங்களில் ஒத்திகை என்பது வழக்கமாக ஒரு நிமிடச் சமாச்சாரம். நாட்காட்டித் தாள் நாலு பறக்கும், அரங்கேற்றம் வந்துவிடும். ‘42ஆம் தெரு’ படத்தில் ஒத்திகைதான் படமே. முழுமையான மூன்று நடனங்கள் கடைசி இருபது நிமிடத்தில்தான் வருகின்றன. அதுவரை ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நாம் பார்ப்பது வியர்வை, கால்வலி, அதட்டல், தூக்கம் இல்லாத முகங்கள்.

ஆள் எடுக்கும் காட்சியைப் பாருங்கள். மேடை நிறையப் பெண்கள். வரிசையாக நிற்கவைத்துப் பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கச் சொல்கிறார்கள். கால்களை மட்டும் பார்த்துத் தேர்வு நடக்கிறது. முகம் பிறகு. லொரெய்ன் என்ற அனுபவசாலிக்கு இடம் உறுதி. நடன ஆசிரியர் அவளுக்கு வேண்டியவர். அவள் தன்னோடு தோழி ஆனிக்கும், புதிதாக வந்து திருதிருவென விழிக்கும் பெகிக்கும் சேர்த்து இடம் பிடித்துத் தருகிறாள். ஆக, பெகி அந்த நாடகத்துக்குள் வந்தது ஆட்டத்திறமையால் அல்ல. தோழியின் காதலர் நடன ஆசிரியராக இருந்ததால்.

பிறகு ஒத்திகையின்போது பெகி மயங்கி விழுகிறாள். இது காதல் மயக்கமும் இல்லை, கதைத் திருப்பத்துக்கான நோயும் இல்லை, களைப்பு. ஒத்திகை நாட்களுக்குச் சம்பளமே இல்லை என்பது 1919இல் நியூயார்க் நாடக நடிகர்கள் நடத்திய வேலைநிறுத்தத்துக்கு ஒரு முக்கியக் காரணம். அந்தப் போராட்டத்தின்போதுதான் கூட்டத்தில் ஆடுபவர்களுக்குத் தனிச் சங்கமே பிறந்தது. நகைச்சுவை நடிகை மரி டிரெஸ்லர் அதன் முதல் தலைவர். நாடகக்காரர்கள் கொட்டகையைப் பூட்டிவிட்டுத் தெருவில் ஊர்வலம் போன அந்த நினைவு 1933இலும் பசுமையாகவே இருந்திருக்கும். மயங்கி விழும் பெண்ணை அன்றைய பார்வையாளர்கள் இந்தப் பின்னணியோடுதான் பார்த்திருப்பார்கள்.

இந்தப் படத்தின் மூல நாவலை எழுதிய பிராட்ஃபோர்ட் ரோப்ஸ் மேடையில் ஆடிப் பிழைத்தவர் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். மேடையின் பின்பக்கம் அவருக்கு அத்துபடி.

3. ஆனி

என் வாதத்தின் உயிர்நிலை ஆனிதான். அதனால் இவளிடம் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

ஆனியாக நடித்தவர் ஜிஞ்சர் ராஜர்ஸ். நடன நடிகர் ஃபிரெட் அஸ்டேரோடு திரையில் ஜோடி சேர்வதற்குச் சில மாதங்கள் முன்பு. ஆள் எடுக்கும் காட்சியில் ஒற்றைக் கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு, கையில் ஒரு குட்டி நாயோடு, இங்கிலாந்துச் சீமாட்டி போலப் பேசிக்கொண்டு நுழைகிறாள். மேடை மேலாளர்களுக்கு அவளை முன்பே தெரியும், சிரிப்பை அடக்கிக்கொள்கிறார்கள். எந்த நேரமும் யாருக்கும் இணங்குபவள் என்ற பொருளில் அவளுக்கு ஒரு பட்டப்பெயரும் உண்டு. படம் முழுக்க அவள் ஒரு கேலிப்பொருள்.

டோரதியின் கால் முறிந்த மறுநாள் காலை நிலைமை என்ன? டில்லன் டோரதியோடு சண்டை போட்டாகிவிட்டது. இப்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டிருப்பவள் ஆனி. ஆனியை நாயகியாக்கு என்கிறார் முதலாளி. மார்ஷுக்கு மறுக்க வழியில்லை. யோசித்துப் பாருங்கள்: பல வருடம் பின்வரிசையில் ஆடி அலுத்த ஒருத்தியின் காலடியில் நாயகி வேடம் வந்து விழுந்திருக்கிறது. அவள் வேண்டாம் என்கிறாள். இந்த நாடகத்தை என்னால் தாங்க முடியாது, பெகியால் முடியும் என்று அவளே முன்மொழிகிறாள்.

இதைத் தியாகம் என்று உருகவேண்டியதில்லை. படமும் உருகவில்லை. வயலின் வாசிக்கவில்லை, கண்ணீர் இல்லை. தொழில் தெரிந்தவள் தொழில் தெரிந்தவர்களிடம் சொல்லும் மதிப்பீடு அது. நாடகம் விழுந்தால் எல்லோருக்கும் வேலை போகும், தனக்கும் சேர்த்து. ஆனால் அந்த ஒரு வார்த்தை இல்லையென்றால் பெகி என்ற நட்சத்திரம் இல்லை. அவளைக் கண்டுபிடித்தவர் மார்ஷ் இல்லை, தயாரிப்பாளர்கள் இல்லை, காதலன் பில்லி லாலரும் இல்லை. பக்கத்தில் நின்று ஆடிய பெண் கண்டுபிடித்தாள். மேடையில் யார் உண்மையில் ஆடுகிறார்கள் என்பது பக்கத்து ஆளுக்குத்தான் தெரியும்.

1980இல் இதே கதை பிராட்வே மேடைக்கு வந்தபோது இந்தக் காட்சி காணாமல் போனது. அங்கே டோரதி விழுவதற்கு பெகி தற்செயலாகக் காரணமாகி, வேலையை இழந்து ஊருக்குக் கிளம்புகிறாள். கூட ஆடுபவர்கள் எல்லோரும் சேர்ந்து அவள் பெயரைச் சொல்ல, மார்ஷே ரயில் நிலையத்துக்கு ஓடிப் போய் மன்றாடி அழைத்துவருகிறார். சுவையான காட்சிதான். ஆனால் கைக்கு வந்த வேடத்தை விட்டுக்கொடுத்தவள் யாரும் அதில் இல்லை. பெகியின் வெற்றிக்கு விலை கொடுத்தவர் ஒருவர் கணக்கிலிருந்து அழிக்கப்பட்டுவிட்டார்.

4. ரூபி கீலர்

பெகியாக நடித்த ரூபி கீலருக்கு முழுநீளப் படத்தில் இதுவே முதல் வேடம். ஆனால் அவர் புதுமுகமா? பதின்மூன்று பதினான்கு வயதிலேயே, 1923இல், பிராட்வேயில் கூட்டத்தோடு ஆடத் தொடங்கியவர். இரவு விடுதிகளில் ஆடியவர். 1928இல் ஆல் ஜோல்சனை மணந்தார். பேசும் படத்தைத் தொடங்கிவைத்த ‘தி ஜாஸ் சிங்கர்’ படத்தின் அதே ஜோல்சன், அதே வார்னர் நிறுவனத்தின் பெரிய நட்சத்திரம். ஊர் பேர் தெரியாமல் வந்த பெண்ணாக நடித்தவர், பத்து வருட அனுபவமும் அமெரிக்காவின் மிகப் பிரபலமான கணவரும் உள்ள தொழிலாளி.

அவர் ஆட்டத்தைக் குறை சொல்பவர்கள் உண்டு. குனிந்து தன் கால்களையே பார்த்துக்கொண்டு ஆடுவார். உலோகத் தகடு பொருத்திய காலணி அவருடையது அன்று, மரக்கட்டை அடிப்பாகம். அதனால் சத்தம் கணகணக்காது, தடதடக்கும். ஜிஞ்சர் ராஜர்ஸின் நளினம் அவரிடம் கிடையாது. எனக்கு இது படத்துக்குக் கிடைத்த அதிர்ஷ்டமாகவே படுகிறது. பிறவி மேதை ஒருத்தி ஆடியிருந்தால், கடைசியில் திறமை வென்றது என்று நாம் எழுந்து போயிருப்போம். கீலர் ஆடும்போது, காலையிலிருந்து மாலைவரை அடித்து அடித்துக் கற்றுக்கொடுத்ததைத் தப்பில்லாமல் செய்து முடிக்கும் ஒரு பெண் தெரிகிறாள்.

மேடையேறும் நேரத்தில் மார்ஷ் அவளிடம் சொல்வதும் இதைத்தான். அவளுடைய கனவிலிருந்து அவர் தொடங்குவதில்லை. இருநூறு பேர், இருநூறு வேலை, இரண்டு லட்சம் டாலர், ஐந்து வார உழைப்பு எல்லாம் உன்னை நம்பி இருக்கிறது என்கிறார். உழைக்கும் அமெரிக்கர்களில் நால்வரில் ஒருவருக்கு வேலையில்லாத வருடத்தில் இதைக் கேட்டவர்கள் காதில் முதலில் விழுந்திருக்கக்கூடிய சொல் ‘வேலை’தான். நாயகியாக வேண்டும் என்ற ஆசையைத் தாண்டி, மற்றவர்களின் அடுப்பெரிய வேண்டும் என்ற பொறுப்பு அவள் தலையில் ஏறுகிறது.

5. பெர்க்லியின் கேமரா

சரி, இத்தனை பாடுபட்டு உருவாக்கிய நாயகியைக் கடைசி இருபது நிமிடத்தில் எவ்வளவு பார்க்கிறோம்?

முதல் நடனத்தில் அவள் புதுமணப்பெண். ரயில் பெட்டியொன்று நடுவில் பிளந்து திறக்க, உள்ளே படுக்கை படுக்கையாகப் பெண்கள். மேல் படுக்கையில் ஜிஞ்சர் ராஜர்ஸும், லொரெய்னாக நடித்த யூனா மெர்கலும் பழத்தைக் கடித்துக்கொண்டே கல்யாணத்தைக் கிண்டல் செய்து பாடுகிறார்கள். நம் கவனம் அவர்கள் மேல்தான் போகிறது. இரண்டாவது நடனத்தில் பெகியே இல்லை. பில்லியாக நடித்த டிக் பாவெல் பாட, எதிரே இருப்பவர் டோபி விங் என்ற வெண்பொன் கூந்தல்காரி. அவருடைய பெயர் டைட்டிலில்கூடக் கிடையாது. சுழலும் மேடைகள், அதன் மேல் பெண்கள், உச்சியிலிருந்து பார்க்கும் கேமரா. மனிதர்கள் மறைந்து இதழ் விரிகிற வடிவம் மட்டும் மிஞ்சுகிறது.

பெர்க்லி முதல் உலகப்போரில் பீரங்கிப் படை அதிகாரியாக பிரான்ஸில் இருந்தவர். அணிவகுப்புப் பயிற்சிகளை வடிவமைத்துக் கொடுத்தவர். நடனம் கற்றுத் தேறியவர் இல்லை. எந்த அடி அழகு என்பதில் அவருக்கு அக்கறை கிடையாது. எத்தனை பேர், எந்த வரிசையில், கேமரா எங்கே என்பதே அவர் கணக்கு. உச்சியிலிருந்து தெரியும் காட்சியை நாடகக் கொட்டகையில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர் யாரும் பார்த்திருக்க முடியாது என்று தர்க்கம் பேசுபவர்கள் உண்டு. பேசட்டும். பெர்க்லி அந்த நாற்காலியிலிருந்து நம்மை எழுப்பிக்கொண்டு போனது அமெரிக்கப் படங்களுக்கு நடந்த நல்ல காரியங்களில் ஒன்று.

மூன்றாவது நடனம் படத்தின் தலைப்பைத் தாங்குவது. பெகி தனியாகப் பாடி, தனியாக ஆடுகிறாள். கேமரா பின்வாங்கும்போதுதான் அவள் நிற்பது ஒரு டாக்சியின் கூரை என்று தெரிகிறது. அவள் இறங்கிக்கொள்ள, தெரு விழித்துக்கொள்கிறது. முடிதிருத்துபவர், பழக்கடைக்காரர், போலீஸ்காரர். மாடி அறையில் ஓர் ஆணிடமிருந்து திமிறும் பெண் சன்னல் வழியே குதிக்கிறாள், கீழே ஒருவன் தாங்கிப் பிடிக்க அவனோடு ஆடுகிறாள், முதுகில் கத்தி பாய்ந்து சாய்கிறாள். மேலே டிக் பாவெல் பாட்டை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். செத்தவளுக்காக யாரும் நிற்பதில்லை. பிறகு படிக்கட்டில் முதுகு காட்டி ஏறும் கூட்டம் ஒரே நேரத்தில் திரும்ப, ஒவ்வொருவர் கையிலும் வானளாவிய கட்டடத்தின் அட்டை. ஆடுபவர்களே நகரமாகிவிட்டார்கள். உச்சியில் சின்னதாக பெகியும் பில்லியும்.

இதைப் படத்தின் முரண்பாடு என்பார்கள்: ஒரு பெண் தனித்து உயர்ந்த கதையைச் சொல்லிவிட்டு, கடைசியில் அவளையே கூட்டத்தில் கரைத்துவிட்டார்களே என்று. எனக்கு முரண்பாடு தெரியவில்லை. அவளை மேலே தூக்கி வைத்திருப்பது எது என்று கேமரா விலகிப் போய்க் காட்டுகிறது.

இன்னொன்று. இந்த அரங்கேற்றம் நடப்பது நியூயார்க்கில் இல்லை, ஃபிலடெல்ஃபியாவில். அந்தக் காலத்தில் வெளியூரில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிராட்வேக்கு வருவார்கள். 42ஆம் தெருவுக்கு பெகி வெற்றியோடு வந்து சேர்வதை நாம் பார்ப்பதே இல்லை. பார்ப்பது அட்டையில் செய்த தெருவை.

6. கொட்டகைக்கு வெளியே

நாடகம் முடிகிறது. பெகி மாலையும் கையுமாக நிற்கும் காட்சி வரவேண்டும், வரவில்லை. காதலர்கள் கட்டிக்கொள்ளும் காட்சியோடு முடியவேண்டும், முடியவில்லை. மார்ஷ் கொட்டகைக்கு வெளியே நிழலில் நிற்கிறார். படம் பார்த்துத் திரும்புபவர்களைப் போலவே நாடகம் பார்த்தவர்கள் பேசிக்கொண்டு போகிறார்கள். எல்லாம் அந்தப் பெண்ணின் சாமர்த்தியம், மார்ஷுக்கு எதற்குப் பேர் என்கிறார்கள். அவர் தீயணைப்புப் படிக்கட்டில் உட்கார்ந்துவிடுகிறார். படம் அங்கேயே நின்றுவிடுகிறது.

நாவலில் மார்ஷுக்கும் இளம் நடிகன் பில்லிக்கும் காதல் உறவு. பெகியோ புகழ் வந்ததும் தலைக்கனம் பிடித்தவளாகிறாள். திரைக்கதை முதலாவதை நீக்கி பில்லியை பெகிக்குக் காதலனாக்கியது. இரண்டாவதையும் விட்டுவிட்டு அவளை நல்ல பெண்ணாகவே வைத்துக்கொண்டது. மார்ஷின் தனிமைக்குக் காரணம் சொல்லாமலே தனிமையை மட்டும் மிச்சம் வைத்தது. மார்ஷாக நடித்த வார்னர் பாக்ஸ்டரின் தளர்ந்த முகத்துக்கு அது போதுமாக இருந்தது.

பெயர் யாருக்கு, உழைப்பு யாருடையது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன இறுதிக் காட்சி இந்த வகைப் படங்களில் எனக்குத் தெரிந்து இல்லை. 1980இன் மேடை வடிவம் மார்ஷின் நோயையும் விட்டுவிட்டது. ஆனால் ஆகஸ்ட் 25 அன்று அது அரங்கேறிய நாளில், அதை இயக்கிய கோவர் சாம்பியன் இறந்துபோனார். தயாரிப்பாளர் டேவிட் மெரிக் செய்தியை நடிகர்களிடமிருந்து மறைத்து வைத்து, நாடகம் முடிந்து கைதட்டல் ஓங்கிய வேளையில் மேடைக்கு வந்து அறிவித்தார். கூட்டம் முதலில் ஏதோ வேடிக்கை என்று நினைத்தது. அந்த நாடகம் 3,486 தடவை நடந்தது. மெரிக் செய்தது சரியா என்று இன்றும் வாதிடுகிறார்கள். என்னைக் கேட்டால், விளம்பரத்துக்காக ஒரு சாவைப் பயன்படுத்தினார் என்றுதான் சொல்வேன்.

7. அதே வாரம்

1933 தொடக்கத்தில் வார்னர் நிறுவனத்துக்கு இந்தப் படம் ஒரு சூதாட்டம். ‘தி பிராட்வே மெலடி’ 1929இல் வெளிவந்து வெற்றி பெற்றதும் எல்லோரும் பாட்டுப் படங்களை எடுத்துக் குவித்து, ஒரே வருடத்தில் சனங்களுக்குத் திகட்ட வைத்திருந்தார்கள். எனவே விளம்பரத்துக்கு ஒரு ரயிலையே பிடித்தார்கள். பொன்னும் வெள்ளியுமாகப் பூசிய ரயில். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் அடுப்படிச் சாதனங்கள், கௌபாய் நடிகர் டாம் மிக்ஸ், அவருடைய குதிரை, பெட்டி டேவிஸ், கூட்டமாக ஆடும் பெண்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் கிளம்பி, மார்ச் 4 அன்று ரூஸ்வெல்ட் அதிபராகப் பதவியேற்றதையொட்டி வாஷிங்டன் தொட்டு, நியூயார்க் சேர்ந்தது. மார்ச் 9 அன்று ஸ்ட்ராண்ட் அரங்கில் படம் திறந்தது.

அன்று நாட்டில் ஒரு வங்கிகூடத் திறந்திருக்கவில்லை. மார்ச் 6 முதல் ரூஸ்வெல்ட் எல்லா வங்கிகளுக்கும் விடுமுறை அறிவித்திருந்தார். அந்த நெருக்கடியைக் காட்டி ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் எட்டு வாரத்துக்குச் சம்பளத்தில் பாதிவரை வெட்டின. இருநூறு வேலைகளைப் பற்றி மார்ஷ் பேசும் படம் திரையில் ஓடிக்கொண்டிருக்கிறது; அதை எடுத்தவர்களுக்குக் கூலி பாதி. வெட்டிய சம்பளத்தைச் சொன்ன தேதியில் திருப்பித் தர வார்னர் மறுத்ததால், இந்தப் படத்துக்குப் பொறுப்பாக இருந்த தயாரிப்புத் தலைவர் டாரில் ஜானக் ஏப்ரலில் வேலையை உதறினார். அதே ஏப்ரலில் திரைக்கதையாசிரியர்கள் சங்கம் கட்டினார்கள். கோடையில் நடிகர்கள் தங்கள் சங்கத்தைத் தொடங்கினார்கள். ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தின் பூதமாக நடித்த போரிஸ் கார்லோஃப் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஸ்டூடியோ முதலாளிகள் அந்தச் சங்கத்தை ஏற்று ஒப்பந்தம் செய்துகொள்ள 1937 மே மாதம் ஆயிற்று.

‘42ஆம் தெரு’ அந்தச் சங்கங்களை உண்டாக்கியது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரம் கிடையாது. ஒரே சம்பள வெட்டில் மாட்டிக்கொண்ட ஆட்கள்தான் இரண்டையும் செய்தார்கள் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன். ஆனியும் லொரெய்னும் வரும் காட்சிகளை மாணவர்கள் இன்னொரு முறை பார்த்துவிட்டு வாருங்கள். மாறுபட்ட கருத்து இருந்தால் வகுப்பில் சண்டை போடலாம்.